குடும்பத்தில் ஒருவர் பட்ட சூதுக் கடன்: பொறுப்பு யாருடையது?

கிராம வாழ்வில் நாணயம் என்பது பெருஞ்செல்வமாகும். வாங்கியவர் சொன்ன தவணையில் திருப்பிக் கொடுப்பார் என்ற நம்பிக்கையின் மீதே கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க் கடன் முதல் மகளிர் குழுக் கடன் வரையில் யாவும் நடைபெறுகின்றன. இந்த நம்பிக்கையைச் சில ஆண்டுகளாக ஒரு புதிய பழக்கம் கரையானைப் போல் அரித்து வருகின்றது. கைபேசியில் பணம் வைத்து ஆடும் சூதாட்டமே அப்பழக்கம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்திலுள்ள ஒடுகத்தூர், சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கெல்லாம் சந்தைப் பேட்டையாகும். வெள்ளிக்கிழமைதோறும் இங்கு ஆட்டுச் சந்தை கூடுகிறது. பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்த்தான்கொல்லை ஆகிய மலைப் பஞ்சாயத்துகளின் மக்களுக்கும் இதுவே இறங்கி வரும் ஊர். சாமையும் புளியும் ஆடும் விற்ற பணம் முன்பெல்லாம் மடியில் முடிந்து வீடு சேர்ந்தது. இன்று அது வங்கிக் கணக்கின் வழியாகக் கைபேசிக்குள் சென்று விடுகிறது. ஓர் ஆட்டை வளர்த்து விற்பதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். அப்பணத்தை இழப்பதற்குக் கால் மணி நேரமும் வேண்டுவதில்லை.

இவ்வாறு இழந்தவர் கடன் வாங்குகிறார். கடன் முற்றியபின், கடன் கொடுத்தவர்கள் தந்தையையும் தாயையும் மனைவியையும் அண்ணனையும் தேடி வருகின்றனர். அப்பொழுது ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: ஆடியவர் ஒருவர், கட்ட வேண்டியவர் யார்? இக்கேள்விக்குரிய விடையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். விடை தெரியாத காரணத்தினால் நிலத்தை விற்ற குடும்பங்களும் உண்டு. மானத்திற்கு அஞ்சி உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் நம் மாநிலத்தில் உண்டு.

பழைய சூதும் புதிய சூதும்

சூதைத் தடுக்கும் முயற்சி நமது மாநிலத்திற்குப் புதிதன்று. பொதுச் சூதாட்ட இல்லங்களைத் தடுக்கும் சட்டம் 1930ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. லாட்டரிச் சீட்டு விற்பனை 2003ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. சீட்டுக்கடை வாசலில் கூலிப் பணத்தை விட்டு வந்த நாட்கள் பலருக்கு நினைவிருக்கும்.

இணையவழிச் சூதாட்டம் பரவியபின், 2022 ஜூன் மாதத்தில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு அவர்களின் தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழு அம்மாத இறுதிக்குள் தன் அறிக்கையைத் தந்தது. அதன்பின் முதலில் அவசரச் சட்டமாகவும், பின்னர் சட்டமன்றம் இருமுறை நிறைவேற்றி 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற முழுச் சட்டமாகவும் தடை வந்தது. இச்சட்டத்தின்படி சூதாடுவோருக்கு 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சூதாட்டம் நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 9 அன்று இச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் ரம்மியையும் போக்கரையும் திறமை விளையாட்டுகள் எனக் கருதித் தடையிலிருந்து விலக்கியது. பின்னர் இந்தியப் பாராளுமன்றம், திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அது 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பெரிய நிறுவனங்கள் பலவும் அம்மாதமே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன.

ஆட்டம் நின்றதேயன்றிக் கடன் நிற்கவில்லை. வெளிநாடுகளிலிருந்து மறைவாக இயங்கும் பந்தயத் தளங்களும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. ஆகையால் கடனைப் பற்றிய பாடம் இன்னமும் நமக்குத் தேவைப்படுகின்றது.

முதற்பாடம்: தோற்ற பணம் வேறு, வாங்கிய கடன் வேறு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆவது பிரிவில், பந்தய ஒப்பந்தங்கள் செல்லாதவை என்று கூறுகிறது. பந்தயத்தில் வென்றதாகச் சொல்லப்படும் தொகையைக் கேட்டு எவரும் வழக்குத் தொடர இயலாது. ஆகவே, "என்னிடம் சூதில் தோற்றான், பணம் தரவேண்டும்" என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால், ஆடியவரே அதைக் கொடுக்கச் சட்டத்தினால் கட்டுப்பட்டவரல்லர். குடும்பத்தாரைப் பற்றிப் பேசவே இடமில்லை.

ஆனால், ஆடுவதற்கென வங்கியிலோ, கடன் செயலியிலோ, அண்டை வீட்டாரிடமோ வாங்கிய கடன் இவ்வகையைச் சேர்ந்ததன்று. பந்தயம் செல்லாததாயினும் அதனைச் சார்ந்த கொடுக்கல் வாங்கல்கள் அனைத்தும் அதனாலேயே சட்டவிரோதமாகிவிடா என்று 1959ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. தடைசெய்யப்பட்ட சூதுக்கே போகிறது என்பதை அறிந்தே ஒருவர் பணம் கொடுத்திருப்பின் அதை எதிர்த்து வாதிட இடமுண்டு; எனினும் அது வழக்கறிஞரின் ஆலோசனையைப் பெற்றுச் செய்ய வேண்டிய காரியம். பொதுவாக, "சூதுக்காக வாங்கினேன், ஆகையால் தர மாட்டேன்" என்ற பேச்சு வங்கிக் கடனிலும் கைமாற்றிலும் நில்லாது. வாங்கியவர் அதற்குப் பொறுப்பாளியே.

இரண்டாம் பாடம்: கையெழுத்தே பொறுப்பு

அவ்வாறாயின், வாங்கியவரின் குடும்பத்தார் பொறுப்பாளிகளா? உறவினால் மட்டும் எவரும் பிறர் கடனுக்குப் பொறுப்பாளி ஆகமாட்டார். கணவன் பட்ட கடனுக்கு மனைவியோ, வயது வந்த மகன் பட்ட கடனுக்குத் தந்தையோ, தம்பி பட்ட கடனுக்கு அண்ணனோ, அந்த உறவு ஒன்றையே காரணமாகக் கொண்டு கட்ட வேண்டியதில்லை. பொறுப்பைத் தருவது கையெழுத்து. கையெழுத்தின் வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

ஜாமீன் கையெழுத்து: ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் பெற்றவரின் பொறுப்புக்குச் சமமானது என ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவு கூறுகிறது. "முதலில் அவனைக் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்" என்று ஜாமீன்தாரர் சொல்வது பொதுவாகச் செல்லாது.

சாட்சிக் கையெழுத்து: புரோ நோட்டில் சாட்சியாக மட்டும் கையெழுத்திட்டவர், கடனுக்குப் பொறுப்பாளி அல்லர். ஆயினும், கையெழுத்திடும் இடத்திற்கு மேலே "சாட்சி" என்ற சொல் இருக்கிறதா, "கடன் பெறுவோர்" என்ற சொல் இருக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்தே பேனாவைத் தொட வேண்டும்.

காசோலை: கணவனின் கடனுக்காக மனைவி தன் காசோலையைக் கொடுத்து, அது பணமின்றித் திரும்பினால், வழக்கு மனைவியின் மேல் வரும். ஜாமீனாக நின்றவர் கொடுத்த காசோலைக்கும் இது பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டில் கூறியுள்ளது. எழுதாத காசோலையிலும், நிரப்பாத புரோ நோட்டிலும் எக்காரணத்தைக் கொண்டும் கையெழுத்திடலாகாது.

ரகசிய எண்: இக்காலத்தில் கைபேசியின் பணப்பரிமாற்ற ரகசிய எண்ணும், குறுஞ்செய்தியாக வரும் ஓ.டி.பி. எண்ணும் கையெழுத்துக்கு ஒப்பானவை. அவற்றை மகனிடம் கொடுத்துவிட்டு, பின்னர் "நான் அனுப்பவில்லை" என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை ஏற்பட்ட இழப்பைக் கணக்குக்கு உரியவரே ஏற்க நேரும். அனுமதியின்றிப் பணம் போனது தெரிந்தால் அந்நாளிலேயே வங்கிக்கும், 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளை செய்த ஒப்பந்தம் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாம் பாடம்: தந்தையின் கடனும் மகனும்

தந்தை பட்ட கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை என்ற கருத்து இந்து மரபில் வேரூன்றியது. ஆயினும் அம்மரபை வகுத்த பழைய தர்மநூல்களே, சூதிலும் குடியிலும் ஏற்பட்ட கடனை மகன் தீர்க்க வேண்டியதில்லை என விலக்கு அளித்திருந்தன. நீதிமன்றங்களும் நெடுங்காலம் அதனைப் பின்பற்றின. 2005ஆம் ஆண்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இக்கேள்வி மேலும் தெளிவாயிற்று. 2005 செப்டம்பர் 9க்குப் பின் தந்தையோ பாட்டனோ பட்ட எக்கடனுக்கும், புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன் மீதோ பேரன் மீதோ நடவடிக்கை எடுக்க இயலாது. "அப்பன் பட்ட கடனைப் பிள்ளை தீர்க்காவிட்டால் ஆகாது" என்று கடன் கொடுத்தவர் சொல்லும் நியாயத்திற்கு இன்று சட்டத்தில் இடமில்லை.

கடன் பெற்றவர் இறந்துவிட்டால் என்ன? அவரிடமிருந்து வாரிசுகளுக்கு வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கு மட்டுமே கடனைக் கேட்க முடியும். வாரிசுகள் தம் உழைப்பில் சேர்த்த பொருளைத் தொட இயலாது. கூட்டுக் குடும்பச் சொத்தைப் பொறுத்தவரை, குடும்பத் தலைவர் குடும்பத்தின் தேவைக்காகப் பட்ட கடனே மற்றவர்களின் பங்கைக் கட்டுப்படுத்தும். சூது குடும்பத் தேவையாகாது. அதற்காகப் பூர்வீக நிலம் விற்கப்பட்டால் மற்றப் பங்குதாரர்கள் நீதிமன்றத்தை நாடலாம்.

வழக்கில் தீர்ப்பு ஏற்பட்டாலும் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, விவசாயியின் உழவுக் கருவிகளையும், அவர் பிழைப்புக்கு வேண்டிய கால்நடையையும் விதைத் தானியத்தையும், அவர் குடியிருக்கும் வீட்டையும், உடை, படுக்கை, சமையற் பாத்திரங்களையும், சமய வழக்கப்படி பெண் கழற்றலாகாத அணியையும் காக்கிறது. அடமானமாக எழுதிக் கொடுத்த சொத்துக்கு இக்காப்பை எதிர்பார்க்க இயலாது. கட்ட இயலாத வறுமை ஒன்றே சிறைக்குக் காரணமாகாது என 1980ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, "நாளைக் காலை போலீஸ் வந்து பிடித்துப் போகும்" என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் நீதிமன்றச் சம்மன் வந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. வராதவர் மீது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

நான்காம் பாடம்: பெண்களின் சொத்து

நமது வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் யாவருக்கும் பழக்கமானவை. சூதுச் சருக்கத்தின் இரவில், தன்னையே தோற்றுவிட்ட ஒருவருக்கு என்னைப் பணயம் வைக்க உரிமை ஏது என்று திரௌபதி சபையைக் கேட்கிறாள். விதுரரும் விகர்ணனும் பேசினரேயன்றி, பெரியோர் பலர் வாய் திறக்கவில்லை. அக்கேள்விக்கு இன்றைய சட்டம் திட்டமாக விடை கூறுகிறது.

இந்துப் பெண் தனக்குரிய சொத்துக்கு முழு உரிமையாளர் என 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. தாய்வீட்டுச் சீதன நகை அவளுக்கே உரியது. கணவனின் வீட்டில் இருப்பதனால் அது கணவனின் சொத்தாகிவிடாது என உச்ச நீதிமன்றம் 1985ஆம் ஆண்டில் விளக்கியது. மனைவியின் நகையை அவளுடைய சம்மதமின்றி அடகு வைப்பதும் விற்பதும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பொருளாதார வன்முறையில் அடங்கும். நீதித்துறை நடுவரிடம் பாதுகாப்பு உத்தரவு பெறலாம். 181 என்ற மகளிர் உதவி எண் இதற்கு வழிகாட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு

இப்பாடங்கள் நடைமுறையில் எவ்வாறு பயன்படும் என்பதை ஒரு கற்பனைக் குடும்பத்தின் கணக்கினால் காண்போம். ஒரு விவசாயியின் மூத்த மகன் சூதில் ஈடுபட்டு, பின்வருமாறு கடன்பட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. கடன் செயலிகளில் தன் பெயரில் வாங்கியது: 40,000 ரூபாய்.
2. தண்டல்காரரிடம் தந்தை ஜாமீன் கையெழுத்திட வாங்கியது: 30,000 ரூபாய்.
3. பக்கத்து வீட்டாரிடம் கைமாற்று: 15,000 ரூபாய்.
4. தாயார் மகளிர் குழுவில் கடன் பெற்று மகனிடம் கொடுத்தது: 50,000 ரூபாய்.
5. மனைவியின் நகையை அவரறியாமல் அடகு வைத்தது: 60,000 ரூபாய்.

மொத்தம் 1,95,000 ரூபாய். இத்தொகையைக் கேட்டதும் தந்தை நிலத்தை விற்க எண்ணுகிறார். சற்றுப் பொறுத்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவதற்கு மகன் ஒருவரே பொறுப்பாளி. இரண்டாவதற்கு மகனும், ஜாமீன் நின்ற தந்தையும் பொறுப்பாளிகள். மூன்றாவது மகனுடையது. நான்காவது தாயாருடையது, குழுவின் பெயரில் வழங்கப்படும் கடனில் ஒருவர் தவணை தவறினால் மற்ற உறுப்பினர்களின் நாணயமும் கெடும். ஐந்தாவதை மீட்டுத் தருவது மகனின் பொறுப்பு. மனைவியிடம் அத்தொகையைக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே, 1,95,000 ரூபாயில் பெற்றோரைக் கட்டுப்படுத்துவது அவர்கள் கையெழுத்திட்ட 80,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 1,15,000 ரூபாய் மகன் தன் உழைப்பில் தீர்க்க வேண்டியது. இக்கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்த குடும்பம், நிலத்தை விற்கும் முன் தவணை கேட்கவும், மகனின் கூலியிலிருந்து மாதந்தோறும் கட்டவும் வழி தேடும்.

தண்டல் கணக்கையும் கவனிக்க வேண்டும். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்னதாகவே பிடித்து, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாள் ஒன்றுக்கு 100 ரூபாயாக 100 நாட்கள் வசூலித்தால், வட்டி நூற்றுக்குப் பதினைந்து எனப் பலர் எண்ணுவர். அசல் நாள்தோறும் குறைந்து வருவதைக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டும். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கிறது. ஜாமீன் நின்ற தந்தையும் இத்தகைய வட்டியை எதிர்த்துப் புகார் செய்யலாம்.

வசூலிப்போர் செய்யலாகாதவை

கடன் செயலிகள் குறித்து ரிசர்வ் வங்கி 2022ஆம் ஆண்டு முதல் விதிகள் வகுத்துள்ளது. கடன் தொகை கடன் பெறுபவரின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செல்ல வேண்டும். வட்டியும் கட்டணமும் அடங்கிய விவரத்தாளை முன்னதாகவே தர வேண்டும். கைபேசியிலுள்ள தொலைபேசி எண்களையும் படங்களையும் செயலி எடுத்துக்கொள்ளலாகாது. வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் அழைக்கலாகாது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொல்லை செய்வதும் படங்களைத் திரித்து அனுப்புவதும் விதிக்கு மாறானவை. விதிகளுக்குட்பட்ட செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ளது. பட்டியலில் இல்லாத செயலியின் மிரட்டலை 1930 எண்ணிலும், வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் பற்றிய குறைகளை ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணிலும் தெரிவிக்கலாம்.

தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில், கடன் வழங்குவோரின் வலுக்கட்டாய நடவடிக்கைகளைத் தடுக்கும் சட்டம் ஒன்றை இயற்றியது. கடன் பெற்றவரையோ அவர் குடும்பத்தாரையோ வழிமறித்தல், மிரட்டல், விடாது பின்தொடர்தல், அவர்தம் உடைமையில் தலையிடுதல் ஆகியவை அதன்படி குற்றங்களாகும். மிரட்டல் வந்த நாள், நேரம், எண், சொன்ன சொல் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்தால் புகார் வலுப்பெறும்.

குடும்பத்தின் கடமை

சட்டம் கட்டாயப்படுத்தாத கடனைக் குடும்பம் தீர்க்கவே கூடாதா எனக் கேட்கலாம். தீர்க்கக் கூடாது என்பதன்று நம் கருத்து. பக்கத்து வீட்டாரின் கைமாற்றைத் தந்தை மனமுவந்து திருப்பிக் கொடுப்பாரானால் அது பெருந்தன்மை. ஆனால் அது அவருடைய விருப்பம். எவரும் அதனைக் கட்டளையிட இயலாது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. குடும்பம் ஓடிச் சென்று முழுக் கடனையும் அடைத்துவிட்டால், ஆடியவர் பழைய கணக்கு தீர்ந்ததென்று மீண்டும் ஆடத் தொடங்குவது பல இல்லங்களில் கண்ட அனுபவம். தோற்றதை மீட்டுவிடலாம் என்ற எண்ணமே இந்நோயின் வேர். சூதுப் பழக்கத்தை நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்துள்ளது. நோயாளிக்கு மருந்து கொடுக்காமல், நோய் கெடுத்த பொருளுக்கு மட்டும் ஈடு செய்வது பயன் தராது. ஆதலால் உதவ விரும்பும் குடும்பம் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்வது நலம்.

முதலாவதாக, ஆடியவரே தம் கையால் எல்லாக் கடன்களையும் ஒன்று விடாமல் எழுத வேண்டும். மறைத்த கடனே குடும்பத்தை மூழ்கடிக்கும். இரண்டாவதாக, பணத்தை அவர் கையில் தராமல், கடன் கொடுத்தவரிடம் நேரில் செலுத்தி, ரசீதும் புரோ நோட்டும் திரும்பப் பெற வேண்டும். மூன்றாவதாக, கையெழுத்துப் பொறுப்புள்ள கடன்களுக்கும் மகளிர் குழுத் தவணைக்கும் முதலிடம் தர வேண்டும். நான்காவதாக, ஒரு கடனை அடைக்க மேல் வட்டிக்கு மற்றொரு கடன் வாங்கலாகாது. ஐந்தாவதாக, அவர் சம்மதத்துடன் கூலி வரும் கணக்கைச் சில காலம் குடும்பத்தில் மற்றொருவரின் பார்வையில் வைத்தல் நலம். ஆறாவதாக, மருத்துவ உதவி பெற வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் அணுகலாம்.

கடன் வெளிப்படும் முதல் சில நாட்களே மிக ஆபத்தான நாட்கள். அப்பொழுது அவரைத் தனியே விடாமலும், ஊரார் முன்னிலையில் இழித்துப் பேசாமலும் இருப்பது குடும்பத்தின் முதற் கடமை. கடனைக் கட்டும் பொறுப்பு சட்டத்தில் இல்லாத தாய்க்கும் தமையனுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

பஞ்சாயத்தின் கடமை

சில ஊர்களில் கடன் கொடுத்தவர் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி, ஆடியவரின் தந்தையை நிலப் பத்திரத்தில் கையெழுத்திடச் செய்வதுண்டு. அவ்வாறு கையெழுத்திட்டவுடன், அதுவரை பொறுப்பில்லாதவர் பொறுப்பாளி ஆகிவிடுகிறார். இதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் துணைபோகலாகாது. கூத்தின் சபையிலே பெரியோர் மௌனமாயிருந்தது பெருங்கேட்டுக்கு வழி செய்தது. நம் ஊர்ச் சபை மௌனமாயிராமல், "கையெழுத்து யாருடையது?" என்று கேட்க வேண்டும்.

வேறு சில பணிகளும் உண்டு. கிராம சபைக் கூட்டங்கள் ஆண்டுக்கு 6 முறை கூடுகின்றன. அவற்றில் ஒன்றிலேனும் மேற்கூறிய உதவி எண்களைப் படித்துக் காட்டி, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம். மகளிர் குழுக்கள் கடன் வழங்குமுன், பணம் எக்காரியத்திற்குச் செல்கிறது என்பதையும், கறவை மாடோ தையல் இயந்திரமோ உண்மையில் வாங்கப்பட்டதா என்பதையும் மாதக் கூட்டத்தில் கேட்கலாம். சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கைப் பந்தயக் கும்பலுக்கு வாடகைக்கு விடும் இளைஞர்களை எச்சரிக்க வேண்டும். அக்கணக்கு முடக்கப்படுவதோடு, வழக்கும் கணக்குக்கு உரியவர் மீதே வரும்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று எவரும் பின்வாங்க வேண்டுவதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. நமது மலைப் பஞ்சாயத்துகளின் பழங்குடி மக்கள் அனைவரும் இதற்கு உரியவர்கள். வேலூரிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.

கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

1. புரோ நோட்டில் சாட்சியாகக் கையெழுத்திடுவதற்கும் ஜாமீனாகக் கையெழுத்திடுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கணவன் வாங்கிய கடனுக்கு மனைவி எச்சூழ்நிலைகளில் பொறுப்பாளி ஆகிறாள்?
3. நமது ஊரில் நடைபெறும் தண்டலின் உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு?
4. ஓர் இளைஞர் சூதுக் கடனில் சிக்கியது தெரியவந்தால், முதல் நாளில் நாம் செய்ய வேண்டுவன யாவை?

இவ்வினாக்களுக்கு ஊரார் கூடி விடை காண்பார்களாயின், சூதில் விழுந்த ஒருவரைக் கைதூக்கிவிடவும், அவர் வீட்டாரின் நிலமும் நகையும் கைவிட்டுப் போகாமற் காக்கவும் இயலும். ஆடியவர் தம் கடனைத் தம் உழைப்பினால் தீர்க்கட்டும். அவர் எழுந்து நிற்கும்வரை குடும்பமும் ஊரும் உடனிருக்கட்டும்.